ஆயிரம் சட்டி மூலிகைச் சாறு

சித்திரை பிறக்கச் சில நாட்கள் இருக்கும்போதே கண்டி அரண்மனை வைத்தியர்களுக்கு வேலை மும்முரமாகிவிடும். வேலை நடக்கும் இடம், புத்தரின் புனித தந்தம் இருக்கும் தலதா மாளிகைக்கு எதிரே நிற்கும் நாத தேவாலயம். காட்டுச் செடிகளைப் பறித்து வந்து, அவற்றின் சாற்றை எடுத்து, ஆயிரம் சிறு சட்டிகளில் நிரப்புவார்கள். சட்டியின் வாயை மூடி முத்திரை வைப்பார்கள். ஒரு பங்கு அரசரின் களஞ்சியத்துக்குப் போகும். மிச்சம் உரிய மரியாதைகளோடு கோயில்களுக்கும் விகாரைகளுக்கும் பகிரப்படும். சோதிடர் கணித்துக் கொடுத்த நேரம் வந்ததும் அரசரின் தலையில் அந்தச் சாற்றை வைத்து, சந்திர சூரியர் உள்ளவரை வாழ்க என்று வாழ்த்துவார்கள். புது வருடம் அரண்மனையில் அப்படித்தான் உள்ளே வரும்.

இதை எழுதி வைத்தவர் ஜோன் டேவி. பிரித்தானிய ராணுவ வைத்தியர். இரசாயன மேதை ஹம்ப்ரி டேவியின் தம்பி. 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தவர், தீவின் உள்நாட்டைப் பற்றி 1821இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வந்தபோது அரசர் இல்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815இல் பிடிபட்டு வேலூருக்கு அனுப்பப்பட்டிருந்தார். ஆகவே டேவி எழுதியதெல்லாம், அந்தச் சட்டிகளைக் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டு எழுதியது. அந்த ஞாபகம் அப்போது ஆறிப்போயிருக்காது. ஒருசில வருடந்தான் ஆகியிருந்தது.

மஞ்சள், வேப்பிலை, தேசிக்காய், சந்தனம், கற்றாழை என்று இன்று கைபேசியைத் திறந்தால் முகப்பொலிவுக் குறிப்புகள் வந்து விழுகின்றன. பாட்டி வைத்தியம் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. எந்தப் பாட்டி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. கண்டிப் பக்கத்து வீடுகளைப் பொறுத்தவரை அந்தப் பாட்டியின் கைப்பக்குவத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயமும், ஒரு பஞ்சாங்கமும், ஆயிரம் சட்டிகளும் இருக்கின்றன. அந்தச் சாற்றைச் சிங்களத்தில் நானு என்கிறார்கள். நாம் மருத்துநீர் என்கிறோம். இரண்டும் அழகுப் பொருளாகப் பிறக்கவில்லை. வருடத்தைக் கழுவிவிட்டு அடுத்த வருடத்துக்குள் கால்வைக்கப் பிறந்தவை. தோலுக்குக் கிடைத்த நன்மை கூடவே வந்த கொசுறு.

அழகுக்கென்றே மூலிகை நீரில் குளித்த கதையும் தமிழில் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி, பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீரில் கூந்தலை நனைக்கிறாள். கோவலனின் ஊடலைத் தீர்க்க அவள் செய்யும் ஒப்பனையின் முதற்படி அது. உரையாசிரியர் தரும் துவர்ப் பட்டியலில் திரிபலையும் நாவலும் இருக்கின்றன. ஆல், அரசு, அத்தி, இத்தி என்ற நால்வகைப் பால்மரங்களும் இருக்கின்றன. பூவந்தியும் இருக்கிறது. பூவந்தி என்றால் நெய்க்கொட்டான். கண்டிச் சந்தையில் 'பெனெல' என்று கேட்டால் அதே கொட்டையைத் தருவார்கள். ஓட்டை உடைத்து வெந்நீரில் ஊறப்போட்டுக் கையால் கசக்கினால் நுரை பொங்கும். சவர்க்காரம் வருவதற்கு முன் அழுக்கெடுத்த பொருள்களில் அதுவும் ஒன்று. பூம்புகாரின் ஒப்பனை அறையிலும் கண்டியின் கிணற்றடியிலும் ஒரே கொட்டை இருந்தது என்பதற்கு மேல் இதில் உறவு தேட நான் போகவில்லை. மாதவி குளித்தது ஒருவனுக்காக. கண்டி அரசர் குளித்தது நாட்டுக்காக.

அரண்மனைச் சாற்றுக்கு ஏன் காட்டுச் செடி? கண்டியின் நிலவரம் அப்படி. 1658க்குப் பிறகு கரையோரத்தில் ஒல்லாந்தர் கால் ஊன்றிவிட்டார்கள். 1766 உடன்படிக்கையோடு தீவைச் சுற்றி ஒரு முழக் கரைகூடக் கண்டியின் கையில் இல்லாமற் போனது. உப்புக்கும் கருவாட்டுக்கும் அடுத்தவனைப் பார்த்திருந்த ராச்சியம் அது. ஆனால் காடு இருந்தது. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பிப் போகும்வரை கண்டி ராச்சியத்தில் சிறைவாசம் இருந்த ரொபர்ட் நொக்ஸ், இங்குள்ளவர்களுக்கு மருந்துக்கடை என்று தனியாக ஒன்று இல்லை, காடேதான் அவர்களுக்குக் கடை என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். இலையும் பட்டையும் வேரும் அவர்கள் கையில் குளிகையாகவும் பற்றாகவும் மாறியதைப் பத்தொன்பது வருடம் பார்த்த மனிதர். அவர் சொன்னால் நம்பலாம்.

நம் மருத்துநீர்ப் பட்டியலைக் கண்டியின் காட்டுச் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, சீதேவியார் செங்கழுநீர் ஆகியவை வேலியிலும் குளக்கரையிலும் கிடைப்பவை. மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு அடுக்களையில் இருப்பவை. பால், கோசலம், கோமயம் கொட்டிலில் கிடைப்பவை. கடைசியில் குங்குமப்பூ, பச்சைக் கற்பூரம், கோரோசனை என்று மூன்று வரும். குங்குமப்பூ காஷ்மீரத்திலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தது. கற்பூரம் சுமாத்திராப் பக்கத்திலிருந்து வந்தது. துறைமுகத்தில் வாழ்ந்தவன் எழுதிய பட்டியல் இது என்று எனக்குப் படுகிறது. கப்பல் வந்து போகும் ஊரில்தான் இந்த மூன்றையும் குளிக்கிற தண்ணீரில் போட மனம் வரும்.

நானுவில் அவ்வளவு ஆடம்பரம் இல்லை. அதன் உயிர் தேசிக்காய். தலையில் தேய்த்த எண்ணெயை எடுக்கத் தேசிக்காய்ச் சாறும் அதோடு சேரும் மூலிகைகளும். சாற்றுக்கான பொருள்களை யார் கொண்டுவந்து தருவது என்பதற்கும் கண்டியில் முறை இருந்தது. தேவாலயத்துக் காணியை உழுது சாப்பிடும் குடும்பம் குத்தகைப் பணம் கட்டுவதில்லை. வேலையாகவோ பொருளாகவோ கட்டும். ஒருவன் மேளம் அடிப்பான், ஒருவன் எண்ணெய் கொடுப்பான், இன்னொருவன் விளக்குத் துடைப்பான். 1870இல் பிரித்தானியர் ஒரு சட்டம் போட்டு, விரும்பினால் இந்தச் சேவைக்குப் பதிலாகக் காசு கட்டலாம் என்றார்கள். சிலர் காசுக்கு மாறினார்கள். பலர் மாறவில்லை. ஆகையால்தான் அரசர் போன பின்பும் சட்டிகள் நிரம்பின.

இனி, கண்டியில் குளியலுக்கு இருந்த அதிகாரத்தைச் சொல்ல வேண்டும். தலதா மாளிகையின் பொறுப்பாளருக்கு இன்றைக்கும் தியவடன நிலமே என்றுதான் பதவிப் பெயர். பெரஹரா ஊர்வலத்தில் அடுக்கடுக்காகத் துணி சுற்றி, நாலு மூலைத் தொப்பியோடு நடந்து வருவாரே, அவர்தான். நாட்டின் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று வணங்கும் பதவி. ஆதியில் அந்தப் பதவிக்காரரின் வேலை அரசரின் நீராட்டைக் கவனிப்பது. அரசருக்குத் தண்ணீர் வார்க்கிற உரிமையை யாரிடமும் கொடுத்துவிட முடியாது. உடம்பைத் தொடுகிறவன், தலையில் சாறு வைக்கிறவன், நினைத்தால் விஷமும் வைக்கலாம். அந்த நம்பிக்கைக்குக் கிடைத்த விலைதான் பதவி. அரசவை கலைந்து, அமைச்சுப் பதவிகளெல்லாம் பேரில்லாமற் போன பிறகும் குளிப்பாட்டியவரின் பதவி மட்டும் இருநூறு வருடமாகப் பிழைத்திருக்கிறது.

அரசிகளுக்கும் தனிக் குளியல் மண்டபம் இருந்தது. உல்பெங்கே என்று பெயர். கண்டி ஏரியின் கரையில், மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில், பாதிக் கட்டடம் தண்ணீருக்குள் நிற்கிறமாதிரி இன்றும் இருக்கிறது. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர் வழியினர். அவர்களின் பெண் எடுப்பு மதுரைப் பக்கத்தில். ஆகவே அந்தத் தூண்களுக்கிடையில் குளித்த பெண்களின் கையில் மஞ்சளும் சிகைக்காயும் இருந்திருக்கும் என்று நினைப்பதற்குப் பெரிய கற்பனை தேவையில்லை. வெள்ளைக்காரர்கள் மேலே ஒரு மாடி எழுப்பி அதை ராணுவத்தாரின் நூலகமாக்கினார்கள். பிறகு அங்கே பொலிஸ் வந்தது. குளியல் அறைக்குப் பொலிஸ் காவல் என்று கண்டிக்காரர்கள் கேலி செய்வதற்கு இடம் கொடுத்த கட்டடம்.

நாத தேவாலயத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். தலதா மாளிகைக்கு வரிசையில் நிற்கிற கூட்டம் அதை ஏறெடுத்தும் பார்க்காது. கம்பளையில் அரசாண்ட மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தது. 14ஆம் நூற்றாண்டுக் கற்கட்டடம். கண்டி நகரில் நிற்கிறவற்றுள் மிகப் பழையது. கண்டி அரசர்கள் பட்டப்பெயர் சூடிக்கொண்டது இங்கேதான். உருவத்தில் தென்னிந்தியக் கோயில் சாயல் அடிக்கும். பட்டம் சூட்டுகிற இடத்திலேயே புத்தாண்டுச் சாறும் எடுத்தார்கள் என்பதில் பொருத்தம் இருக்கிறது. இரண்டும் தலையில் வைப்பவை.

அரசர் இல்லாத கண்டியில் நீராட்டு தலதாவுக்கு மட்டும் என்றானது. புதன்கிழமை காலையில் மாளிகையில் நானுமுர மங்கல்லய நடக்கும். வாசனைப் பூக்களும் மூலிகையும் சேர்ந்த நீரால் புனித தந்தத்துக்கு அடையாள நீராட்டு. பிறகு அந்த நீரை வந்தவர்களுக்கு வழங்குவார்கள். நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் கண்ணிலும் தலையிலும் ஒற்றிக்கொள்வார்கள். சிறு போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அரசரின் களஞ்சியத்துக்குப் போன சட்டி இப்போது சனங்களின் கைப்பைக்குள் போகிறது.

புத்தாண்டுக்கு வருவோம். நேரத்தில்தான் நமக்கும் சிங்களவருக்கும் வித்தியாசம். சூரியன் மீனத்திலிருந்து மேடத்துக்குப் போகிற பொழுதைச் சுற்றி நமக்கு விஷு புண்ணியகாலம். அதற்குள் மருத்துநீர் வைத்துத் தலை முழுகிவிட வேண்டும். வாக்கியம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்லும். ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒரு பஞ்சாங்கம், மருமகளுக்கு ஒரு பஞ்சாங்கம் என்று இரண்டு முறை அடுப்பு மூட்டிய வீடுகளும் உண்டு. சிங்களவருக்குப் புண்ணியகாலம் 12 மணி 48 நிமிடம். சங்கிரமணத்துக்கு முன் பாதி, பின் பாதி. விசித்திரமான இந்தக் கணக்குக்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. சூரிய வட்டத்தின் அகலம் அரைப் பாகைக்குச் சற்றே கூட. நாளொன்றுக்கு அது நகர்வது ஏறக்குறைய ஒரு பாகை. முழு வட்டமும் எல்லையைத் தாண்டி முடிய அரை நாளும் சொச்சமும் ஆகும். அந்தப் பொழுதில் அடுப்பு மூட்டாமல், வேலை செய்யாமல், கோயிலுக்குப் போய்விட்டு இருப்பார்கள். தலைக்கு எண்ணெயும் நானுவும் வைப்பது அதற்குச் சில நாள் கழித்து, தனியாகக் குறித்த சுபநேரத்தில்.

வைக்கிற முறை இரு பக்கமும் ஒன்றே. தலைக்கு மேலே ஒரு இலை, காலுக்குக் கீழே ஒரு இலை. எந்த வருடத்துக்கு எந்த இலை என்பதைப் பஞ்சாங்கம் சொல்லும். கொன்றையாக இருக்கலாம், புங்கையாக இருக்கலாம், வேம்பாக இருக்கலாம். வீட்டில் மூத்தவர் உட்காரவைத்து, சொட்டுச் சொட்டாக உச்சியில் விட்டு வாழ்த்துவார். பிள்ளைகள் நெளியும். தண்ணீர் கண்ணில் இறங்கி எரியும். கோமய வாடையும் தாழம்பூ வாசமும் கலந்து அடிக்கும். மருத்துநீர் வாசம் என்று அதற்குத் தனிப் பெயரே சொல்லலாம், வேறு எதுவும் அப்படி மணக்காது.

அதில் உண்மையில் என்ன இருக்கிறது? மஞ்சளின் குர்க்குமின் வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கும் குணமுள்ளது. ஆனால் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால்தான் எண்ணெயில் குழைத்தோ பாலில் கலந்தோ பூசிய பாட்டிமார் கெட்டிக்காரர்கள். வேப்பிலை நீர் கிருமிக்கு எதிரானது. எண்ணெய் வழியும் முகத்துக்கு ஏற்றது, வறண்ட தோலை இன்னும் வறட்டும். புளித்த பாலில் உள்ள லக்டிக் அமிலம் இறந்த தோலை மெல்லக் கழற்றும். அழகுக்கலை நிலையங்களில் விலை கொடுத்துப் பூசுகிற திரவத்தில் இருப்பதும் அதே அமிலந்தான், செறிவு மட்டும் வேறு. திப்பிலியும் மிளகும் தோலுக்கு எதற்கு என்று கேட்டால், அவை தோலுக்காகப் போட்டவை அல்ல. பனிக்கும் சளிக்குமாகப் போட்டவை.

தேசிக்காயைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்ல வேண்டும். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. அமிலக் கணக்கில் ஐந்தரைக்குப் பக்கம். தேசிக்காய்ச் சாறு இரண்டைச் சுற்றி. அந்தக் கணக்கில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கு மேல். எண்ணெய் ஊறிய தலையில் வைத்து உடனே கழுவிவிட்டால் ஒன்றும் ஆகாது; நானு அப்படித்தான் வேலை செய்தது. வெறும் முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போனால் வேறு கதை. தேசிக்காயில், முக்கியமாக அதன் தோலில், ஃபியூரனோகூமரின் என்ற பொருள் உண்டு. வெயில் பட்டதும் அது தோலைச் சுட்டுவிடும். கொப்புளம் ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கறுப்புத் தடம் நிற்கும். வெளுப்பதற்குப் பூசியவர் கறுத்துப்போவார்.

கண்டிச் சந்தையை ஒட்டிய ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஒருநாள் நின்றுகொண்டிருந்தேன். மருந்து வாசமும் சாக்கு வாசமும் கலந்த இடம். கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நேரே வந்ததுபோல ஒரு இளம்பெண்.

"அண்ணே, மூஞ்சிக்குப் பூச நல்லதா ஒண்ணு குடுங்க."

"பருவா, கறுப்பா? எதுக்குன்னு சொல்லு தங்கச்சி."

"பரு."

அவர் சாக்கிலிருந்து விரல் தடிமன் வட்டத் துண்டுகளாக நறுக்கிய கொடியை அள்ளினார். மரமஞ்சள், சிங்களத்தில் வெனிவெல். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை கோடுகள் ஓடும், கரத்தைச் சக்கரத்தின் ஆரங்களைப் போல. நகத்தால் கீறினால் பளீரென்று மஞ்சள் தெரியும். அந்த நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம் பெர்பெரின் என்ற காரப்பொருள். கிருமிகளை அடக்குவது அதுதான்.

"தண்ணியில போட்டு அவிச்சு, ஆறவச்சுக் கழுவு. காய்ச்சலுக்குன்னா மல்லியோட அவிச்சுக் குடிக்கலாம். மூஞ்சிக்கு இது மட்டும் போதும். வேற எதையும் கலக்காதே."

கடைசி வாக்கியத்துக்காகவே அந்த மனிதருக்குக் காசு கொடுக்கலாம். மரமஞ்சளுக்கும் மஞ்சளுக்கும் உறவு நிறத்தோடு சரி. இஞ்சிக் குடும்பத்துக் கிழங்கு அது. இதுவோ ஈர வலயக் காட்டில் மரங்களைப் பற்றி ஏறும் கொடி. மெதுவாக வளரும். அடியோடு வெட்டி எடுப்பதால் காட்டில் குறைந்துகொண்டே போகிறது. சாக்கு மூட்டையில் பார்த்தால் அது தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த மூலிகையெல்லாம் சவர்க்காரக் கட்டிக்குள் போனது. 1941இல் தொடங்கிய சுவதேசி நிறுவனத்தின் வேப்பஞ் சவர்க்காரமும் ராணி சந்தனமும் இல்லாத கண்டிக் குளியலறை ஒரு காலத்தில் அபூர்வம். வருடத்துக்கு ஒருமுறை வந்த வாசம் தினமும் வரத் தொடங்கியது. எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல வேண்டியது அதற்குப் பின் வந்ததை. கொழும்பு வீதியில் மாவனெல்லைப் பக்கமும், மாத்தளை வீதியிலும் வரிசையாக இருக்கிற வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குள் உல்லாசப் பயணிகளை அழைத்துப்போய், முழங்கையில் ஒரு களிம்பைத் தடவி, அரசர் காலத்து ரகசியம் என்று சொல்லி விற்கிறார்கள். அரசர் காலத்துச் சாறு ஒரு புத்தாண்டுக்கானது. போத்தலில் மூன்று வருடம் கெடாமல் இருப்பது அதுவாக இருக்க முடியாது. இன்னும் மோசம், வெளுக்க வைப்பதாகச் சொல்லிச் சில்லறைக் கடைகளில் தொங்கும் பெயரில்லாக் களிம்புகள். இலங்கைச் சந்தையில் எடுத்துப் பரிசோதித்தவற்றில் அளவுக்கு மீறிய பாதரசம் இருந்தது வெளியாகியிருக்கிறது. அழகுப் பொருளில் பாதரசத்துக்கு மினமாட்டா உடன்படிக்கை முதலில் வைத்த எல்லை பத்து இலட்சத்தில் ஒரு பங்காக இருந்தது. பாதரசம் வெளுக்கவும் வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆயிரம் சட்டிகளில் ஒன்றுகூட யாரையும் வெளுக்க வைப்பதற்காக நிரப்பப்பட்டதல்ல.

2020ஆம் ஆண்டு இலங்கையில் மஞ்சளே இல்லாமற் போனது ஞாபகம் இருக்கும். இறக்குமதிக்குத் தடை வந்ததும் விலை கிடுகிடுவென ஏறி, ஒரு கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போனது. இராமநாதபுரக் கரையிலிருந்து படகில் வந்த மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடித்தது. கறிக்கே நிறமில்லாதபோது முகத்துக்கு எங்கே போவது? மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மஞ்சள் நட்டவர்கள் அந்த வருடம் பலர். கப்பல் நின்றதும் கொல்லையைப் பார்க்கிற பழக்கம் கண்டிக்குப் புதிதல்ல.

வீட்டில் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: ஒரு கைப்பிடி வேப்பிலை, நாலு துளசிக் கொத்து, கொஞ்சம் அறுகு, விரல் நீளப் பச்சை மஞ்சள் தட்டியது. மண் சட்டியில் இரண்டு லீட்டர் தண்ணீர் விட்டு, நிறம் இறங்கும்வரை கொதிக்க வைத்து, துணியில் வடித்து, ஆறவிடுங்கள். கிடைத்தால் தாமரை இதழோ மாதுளம்பூவோ இறக்கும்போது போடலாம். முதலில் கொஞ்சமாகச் செய்து, முழங்கை மடிப்பில் தடவி ஒருநாள் விட்டுப் பாருங்கள். அரிப்பு இல்லையென்றால் மறுநாள் புதிதாகச் செய்து, நல்லெண்ணெய் தேய்த்துக் கால்மணி நேரம் கழித்துத் தலையிலிருந்து வார்த்துக்கொள்ளலாம். புண்ணுள்ள இடத்திலும் கைக்குழந்தைக்கும் வேண்டாம். வெள்ளைத் துவாய் எடுக்க வேண்டாம், மஞ்சள் போகாது. அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மறுநாள் புளித்துப்போகும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் வாசம் மாறிவிடும். தேசிக்காய் சேர்ப்பதானால் தலைக்கு மட்டும், அதுவும் பொழுது சாய்ந்த பிறகு.